அனந்தபுரத்துக்குப் போகும் ஜாடி

சைபுதீன் ஈயம் பூசிய பாத்திரம் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்ததில்லை. இதை அவன் சொல்லிக்கொள்வதில்லை, செஞ்சிப் பெண்கள் சொல்வார்கள். திருவண்ணாமலை ரோட்டில் புளியமரத்தடியில் தரையில் குழி வெட்டி, தோல் துருத்தியோடு உட்கார்ந்திருப்பான். பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவுவான். வெள்ளைப் புகை எழும். ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுற்றித் துடைத்தால் பித்தளையின் மஞ்சள் மறைந்து உள்பக்கம் வெளுத்துவிடும். வருகிற பாத்திரத்தின் அடியைப் பார்த்தே அந்த வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கிறதா, புளி அதிகமா என்று சொல்லிவிடுவான். மனிதர்களைப் பற்றி அவனுக்கு அந்த அளவு தெரியாது.

கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தைந்து. இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் காதோரம் நரைத்துவிட்டது. 1960இல் ஹபீபுன்னிசாவைக் கட்டினான். அவளுக்கு அது இரண்டாம் கல்யாணம். அனந்தபுரத்தில் ஜகபர் அலி என்ற ஜவுளி வியாபாரியோடு இரண்டு வருஷம் வாழ்ந்திருந்தாள். அவன் காலராவில் மூன்றே நாளில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பெண் பேசும்போதே எல்லாம் சொன்னார்கள். சைபுதீன் தலையாட்டினான். செத்தவனால் என்ன தொந்தரவு வந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

தொந்தரவு முதல் தை மாதத்திலேயே வந்தது.

ஹபீபுன்னிசா சந்தையிலிருந்து எலுமிச்சையும் நார்த்தங்காயும் வாங்கி வந்தாள். எலுமிச்சையை நான்காக அரிந்து, உப்பு போட்டு, ஊறியதும் மிளகாய்ப் பொடியும் வெந்தயமும் வறுத்துக் கலந்து, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பெரிய ஜாடியில் வைத்தாள். அது வீட்டுக்கு. நார்த்தங்காயை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். கத்தியைக் காயின் தலையில் வைத்து, சுற்றிக்கொண்டே கீழே இறக்கினாள். காய் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் மறுபடியும் காயாகச் சேர்ந்துகொண்டது. சுருளின் இடுக்குகளில் உப்பும் மஞ்சளும் அடைத்தாள். தன்னோடு கொண்டுவந்திருந்த சின்னப் பழுப்பு ஜாடியில் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரு காய் பாதியில் அறுந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தாள்.

"இது யாருக்கு?" என்று கேட்டான்.

"அது அனந்தபுரத்துக்கு" என்றாள். கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அனந்தபுரம் என்றால் அவனுக்கு ஒரே ஓர் ஆள்தான், அங்கே கபர்ஸ்தானில் கிடக்கிறவன். இறந்தவருடைய வருஷ நாளில் அவருக்குப் பிடித்த பண்டத்தைச் செய்து வைத்து, பாத்திஹா ஓதி, நாலு பேருக்குக் கொடுப்பது வழக்கம். அவன் அப்பாவுக்கு வீட்டில் சுழியம் செய்வார்கள். ஜகபர் அலிக்கு நார்த்தங்காய் போலிருக்கிறது.

அதிலிருந்து தை பிறந்தாலே அவன் கண் முதலில் அதைத்தான் தேடும். அந்தச் சின்ன ஜாடி சமையல்கட்டின் மேற்கு மூலையில் துணி கட்டி நிற்கும். ஹபீபுன்னிசா காலையில் குளித்துவிட்டு வந்து முதலில் அதைத் தூக்கிக் குலுக்குவாள். எலுமிச்சை ஜாடியை ஞாபகம் வந்தால் குலுக்குவாள். மற்ற வீடுகளில் நார்த்தங்காயைக் கல்லாகும் வரை வெயிலில் காயவைத்தார்கள். இவள் இரண்டே நாள் மாடியில் வைத்துவிட்டு, மெத்தென்று இருக்கும்போதே உப்புத் தண்ணீரோடு எடுத்துவைத்தாள். ஜகபர் அலிக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்குமோ என்று சைபுதீன் நினைத்துக்கொள்வான். தனக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவள் கேட்டதே இல்லை என்பதும் அப்போது ஞாபகம் வரும். சாப்பாட்டில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால் குறை சொல்லவும் வழியில்லை.

மாசியில் அவள் தம்பி கௌஸ் பாஷா வந்து ஜாடியை எடுத்துப் போவான். அவன் வளையல் வியாபாரி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அனந்தபுரம் பக்கம் சுற்றுவான். காலி ஜாடி பங்குனிக்குள் திரும்பி வந்துவிடும். அவள் அதைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பாள்.

ஒருமுறை குண்டானுக்கு ஈயம் பூச வந்த பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் சொன்னாள். "இன்னா பாய், ஒங்க வூட்ல சுத்து நார்த்தங்கா போட்டாங்களே, ஒண்ணு குடும்மான்னு கேட்டேன். அனந்தபுரத்துக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்களாவது சாப்டீங்களா?"

"சாப்டேன்" என்றான்.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது."

துருத்தியை இரண்டு தரம் வேகமாக அழுத்தினான். குண்டான் தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது.

இப்படி ஆறு வருஷம். அறுபத்தாறாம் வருஷம் மாசியில் கௌஸ் பாஷா ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, வளையல் பொட்டியோட இதையும் தூக்க முடியலக்கா. போன வருஷமே பஸ்ல இடிச்சு விளிம்பு போயிடிச்சு" என்றான்.

சைபுதீன் கூடத்தில் இருந்தான். "பித்தளத் தூக்கு ஒண்ணு இருக்குது. அதுல குடு. எலேசா இருக்கும்" என்றான்.

ஹபீபுன்னிசா அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வருஷத்துக்குப் பிறகு அந்த ஜாடி விஷயத்தில் அவன் வாய் திறந்தது அன்றுதான். "பித்தளைல வெக்கலாமா? உப்பும் புளிப்பும் ஆச்சே."

"நான் பூசித் தரேன்."

"நீங்க பூசினா சரி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்காக வந்ததுதான். ஆனால் அது அனந்தபுரத்துக்குப் போகிற வழியில் தன் மேல் கொஞ்சம் சிந்தியதாக அவனுக்குப் பட்டது.

மரத்தடிக்குப் போய்த் தூக்கை நெருப்பில் வைத்தான். வெளிப்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்தான். உள்ளே விளிம்பிலிருந்து கழுத்துவரை ஒழுங்காகப் பூசினான். அதற்குக் கீழே பஞ்சில் ஒட்டியிருந்த மிச்ச ஈயத்தை மட்டும் ஒரு தடவு தடவினான். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. நார்த்தங்காயின் புளிப்புக்கு அது ஒரு நாள் தாங்காது, பித்தளை பச்சையாகக் களிம்பு கக்கும் என்று அவனுக்குத் தெரியும். பாத்திஹாவுக்கு வந்தவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்புவார்கள். ஜகபர் அலியின் பண்டம் இந்த வருஷம் துப்பப்படும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. இருபது வருஷத் தொழிலில் அவன் கள்ளமாகப் பூசிய முதல் பாத்திரம் அது.

வியாழக்கிழமை தூக்கு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாசி அமாவாசை. பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷலாகிவிட்டது. மூட்டையும் பிள்ளைகளுமாக ரோடு முழுக்க ஜனம். கௌஸ் பாஷா யாரோ ஒருவருடைய மாட்டு வண்டியில் வந்து இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தான்.

"கெழவிக்கு ஒரே சந்தோஷம் மச்சான். கஞ்சி எறங்கலியாம், இந்த நார்த்தங்கா இருந்தா மூணு வேளையும் எறங்கிடும்னு சொல்லிச்சு."

"எந்தக் கெழவி?"

"அசீசுன்னிசாம்மா. ஜகபர் அலியோட அம்மா. அதுக்குத்தானே அக்கா வருஷா வருஷம் அனுப்புது? இத்தன வருஷமா இருக்கீங்க, தெரியாதா?"

"பாத்திஹாவுக்குன்னு இல்ல?"

"அது இப்ப எங்க வருது? ஐப்பசிலயே முடிஞ்சிபோச்சே."

இது சைபுதீனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். பிறை பார்த்து வரும் பாத்திஹா நாள் வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நகரும். நார்த்தங்காய் நகராது. ஆறு வருஷமாக ஜாடி மாசியில்தான் போனது. அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்று நாள், மூன்று வேளை, களிம்பு. நெருப்பின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

ஒன்றரை மணி நேரம் மிதித்தான். வெயில் உச்சியில் இருந்தது. வழியில் கேணி கண்ட இடத்தில்கூட இறங்கவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாசலில் கூட்டம் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. ஹபீபுன்னிசாவின் முகம் வந்தபோது மட்டும் பெடலை அழுத்த முடியவில்லை.

அனந்தபுரத்தில் விசாரித்துக்கொண்டு போனான். ஓட்டு வீடு. வாசலில் கூட்டம் இல்லை. கிழவி உள்ளே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன உடம்பு. வாயில் நாலு பல்.

"செஞ்சியிலேருந்து வரேன்மா. கௌஸ் பாஷா அனுப்பினாரு. அந்தத் தூக்கு..."

"அந்தத் தூக்கா? தூக்கவே கூடாத தூக்கு அது. ஒக்காரு தம்பி." தண்ணீர் கொடுத்தாள். "மூடியத் தெறந்தேன், வாசனையே சரியில்ல. அடியில கிளறிப் பாத்தா பச்சை கட்ட ஆரம்பிச்சிருக்குது. மேல இருந்ததப் பொறுக்கிக் கழுவி, சட்டியில வேற உப்புத் தண்ணி போட்டு வெச்சிட்டேன். அடில கெடந்தத எருக்குழில கொட்டிட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு எவனோ ஏமாத்திப் பூசிக் குடுத்திருக்கான். நல்லா இருப்பானா அவன்?"

சைபுதீன் தண்ணீரைக் குடித்து முடித்தான். சொம்பை உடனே கீழே வைக்கவில்லை.

"ஒங்க மகனுக்கு இது ரொம்பப் புடிக்குமோ?"

"அவனுக்கா? தொட மாட்டான். பல்லு கூசுதும்பான்." கிழவி சிரித்தாள். "நானும் அவளுந்தான். கஞ்சி வெச்சிட்டு ஒரு காய எடுத்து, இந்த முனைய நான், அந்த முனைய அவ. ரெண்டு பேரும் கடிச்சிகிட்டே வருவோம். நடுவுல அத்துப்போச்சுன்னா யாருகிட்ட பெரிய துண்டோ அவங்க அன்னைக்குப் பாத்திரம் தேய்க்கணும். அவன் பாத்துட்டுத் தலையில அடிச்சிக்குவான், ரெண்டும் கொழந்தைங்கன்னு."

சைபுதீனுக்கு அது கண்ணில் தெரிந்தது. ஒரு சுருள், இரண்டு பக்கமும் இரண்டு வாய். அவன் வீட்டில் ஹபீபுன்னிசா அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டு வைப்பாள். அவள் எதையும் பல்லால் கடித்து இழுத்து அவன் பார்த்ததில்லை.

கிழவி தூக்கைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கழுத்துக்குக் கீழே பச்சை வளையம். அதை வாங்க நீட்டிய அவன் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் கரி, மணிக்கட்டில் பழைய தீக்காயங்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாப் பூசிக் குடு தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும்போது மெதுவாக மிதித்தான். ஆறு வருஷம் ஜகபர் அலியோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். அந்த ஜகபர் அலியும் இவனைப் போலவே வெளியே நின்று பார்த்தவன்தான். அவன்மேல் இருந்த பொறாமையெல்லாம் போய்விட்டது. அது போன இடத்தில் நாலு பல்லோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். செத்தவனையாவது செத்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் ஹபீபுன்னிசா தூக்கைப் பார்த்தாள். "இது எப்டி இங்க வந்துச்சு?"

"ஈயம் சரியாப் புடிக்கல. திரும்பப் பூசலாம்னு எடுத்தாந்தேன்."

"அனந்தபுரத்துக்கா போனீங்க?" தூக்குக்குள் அவள் பார்க்கவே இல்லை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "மாமி எப்டி இருக்குது? எளைச்சிடிச்சா? கண்ணு தெரியுதா? இன்னா சொல்லிச்சு என்னப் பத்தி?"

அவள் ஒரே மூச்சில் அத்தனை பேசி அவன் கேட்டதில்லை. அவனுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்தபோதும் இந்தக் குரல் வரவில்லை. "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

மறுநாள் காலை அந்தத் தூக்குக்கு மூன்று பூச்சு பூசினான். அடியைத் தட்டிப் பார்த்து இன்னொன்று பூசினான். அடுத்த மாசியில் அதில்தான் நார்த்தங்காய் போயிற்று. கௌஸ் பாஷா அனந்தபுரம் போய்த் திரும்பும்போதெல்லாம் சைபுதீன் துருத்தியை நிறுத்திவிட்டு, "கெழவி இன்னா சொல்லிச்சு?" என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முகம் சுருங்கும். ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் சுருங்கும்.

அறுபத்தேழு ஐப்பசி மழையில் அசீசுன்னிசா இறந்தாள். ஹபீபுன்னிசா போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அழுது முடித்த முகத்தோடு வந்தாள். வழக்கம்போலச் சமைத்தாள்.

தை பிறந்தது. அவள் எலுமிச்சை மட்டும் வாங்கினாள். சின்ன ஜாடி பரணில் கவிழ்ந்தே கிடந்தது. இரண்டு சந்தை பார்த்துவிட்டு மூன்றாம் சந்தையில் சைபுதீனே பன்னிரண்டு நார்த்தங்காய் வாங்கினான். கோணலில்லாமல் பார்த்துப் பொறுக்கினான். கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். யாருக்கு என்று அவள் கேட்பாள் என்று நினைத்து ஒரு பதிலும் வைத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வரும்போது அரிந்து முடித்திருந்தாள். முறம் நிறைய நாலு நாலு துண்டு. பக்கத்தில் மிளகாய்ப் பொடி வறுத்து வைத்திருந்தாள்.

"சுத்தா அறுக்கலியா?" என்றான்.

"ஒங்களுக்குக் காரம் இல்லாம எறங்காதே. துண்டுலதான் காரம் புடிக்கும்."

"ஒரு காயாவது சுத்திருக்கலாம்."

அவள் உப்பை அள்ளித் துண்டுகளின் மேல் தூவினாள். கையால் புரட்டிவிட்டாள்.

"அதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்றாள்.

முறத்துக்கு இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான்.