கரகத் தண்ணீருக்குக் கீழே

பங்குனியில் எங்கள் தோட்டத்து ஆறு மெலிந்துபோகும். வெயில் ஏறினால் டிரவுட் மீன் இரை எடுக்காது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். மடுவில் ஒதுங்கி நிற்கும். பொழுது சாயும்போது கல்லுக்கடியில் கிடந்த புழுக்கள் இறகு முளைத்து மேலே எழும்பும். மீனுக்கு அப்போதுதான் பசி வரும். நானும் அப்போதுதான் போவேன், சேவல் இறகில் கட்டிய பொய்ப் பூச்சியோடு. தேயிலை மலையில் வேலை செய்யும்போதே கை துறுதுறுக்கும்.

அந்த வருஷம் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். மஞ்சள் கயிறு கையில் இருக்கும்வரை மீனைத் தொடக்கூடாது. தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டேன். ஆனால் கரகம் ஜோடிக்கிற இடத்தில் குளிக்கத் தண்ணீர் பற்றாது என்று, வெலிமடை உருளைக்கிழங்குச் சாக்கில் மண் நிரப்பி அடுக்கி, ஆற்றை மறித்துவிட்டார்கள். மடு அதற்குக் கீழே. மத்தியானமே பாதி வற்றிவிட்டது. மிச்சம் வெதுவெதுப்பாக இருந்தது. மீன்கள் ஒரு மூலையில் வாயைத் திறந்து நின்றன.

கோயில் தலைவர் என் மனைவியின் அண்ணன். அவரிடம் போனேன்.

"மச்சான், ஒரு மூட்டைய மட்டும் எடுப்போம். மீனெல்லாம் செத்துரும்."

"கரகத் தண்ணிய தொறந்துவிட்டா சனம் என்னைய சும்மா விடுமா? காலையில கரகம் ஏறட்டும், நானே தள்ளிவிடுறேன்."

"அதுவரைக்கும் தாங்காது."

"காப்பு கட்டிக்கிட்டு மீனு மீனுங்கிறீங்க. அம்மாவுக்கே நாக்கு ஊறிரப் போகுது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

லயத்து வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.

"தரை தேஞ்சிரும்," என்றாள் மனைவி. "நான் காப்பு கட்டல. வாளிய எடுங்க."

அவள் பழைய சேலையை மடுவில் விரித்து மீனை அள்ளினாள். நான் வாளியைச் சுமந்து மூட்டைக்கு மேலே தேங்கிய தண்ணீரில் ஊற்றினேன். ஒன்றையும் தொடவில்லை. பெரியது மட்டும் கல்லிடுக்கில் புகுந்துகொண்டது. அவள் கையை விட்டுத் துழாவினாள். வரவில்லை.

"இதுக்கும் உங்க புத்திதான்," என்றாள்.

வெளிச்சம் குறையும்போது பூச்சி எழும்பியது. மறித்த தண்ணீரில் மீன்கள் துள்ளின. மச்சான் துண்டோடு குளிக்க வந்தார்.

"என்னா குதிக்குது?"

"நேத்திக்கடன்ணே," என்றாள் அவர் தங்கச்சி.

அவர் என் கையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"கடிக்குமா?"

"கடிக்காது மச்சான்."

இறங்கிக் குளித்தார். நான் கீழே போய்க் கல்லிடுக்கைப் பார்த்தேன். மேலே வந்தேன். மறுபடியும் போனேன்.

காலையில் கரகம் ஏறியதும் மச்சான் மூட்டையைத் தள்ளினார். மீன்கள் தண்ணீரோடு இறங்கிப் போயின. பெரியது கல்லோரம் வெளுத்து மிதந்தது. மேளம் கோயில் பக்கம் ஏறியது. நானும் பின்னால் போனேன்.