உதடு முந்தி, குரல் பிந்தி

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவன் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் டீவிக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் கட்டாருக்குப் பயணம். போகுமுன் தன் நிக்காஹ் வீடியோவைப் பெரிய டீவியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். நிக்காஹ் நடந்தது கற்பிட்டிப் பள்ளிவாசலில். எங்கள் வழக்கத்தில் மணமகள் அங்கே வருவதில்லை. நான் அவளை ஒப்படைத்ததை அவளும் அவள் உம்மாவும் வீட்டிலிருந்து ஸ்பீக்கரில் கேட்டார்களே தவிர, கண்ணால் காணவில்லை.

காண வேண்டிய அந்த இடத்தில்தான் கோளாறு. "என் மகளை நிக்காஹ் செய்து தந்தேன்" என்று நான் சொல்லும் இடத்தில் உதடு முதலில் அசைந்தது, குரல் பிறகு வந்தது.

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஹோம் தியேட்டரைப் புளூடூத்தில் விட்டால் சத்தம் பிந்தும் என்றார்கள். அதை விட்டு வயர் இழுத்தேன். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்த முனைகளைச் சுரண்டினேன். ஹோம் தியேட்டர் பெட்டியின் டிலேயைப் பூச்சியத்துக்கு இறக்கினேன். அதற்குக் கீழே போக இடமில்லை. அந்தப் பெட்டியில் சத்தத்தைப் பிந்த வைக்கலாம், முந்த வைக்க முடியாது. வீடியோ எடுத்தவருக்குப் போன் போட்டு ஏசினேன். அவர் தன் பக்கம் பிழையே இல்லை என்று அடித்துச் சொன்னார். சோறு ஆறிப்போனது. கதிரையில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல என்னால் இருக்க முடியவில்லை.

நிக்காஹ் அன்றும் இப்படித்தான். நான் வாயைத் திறந்த நேரம் ஸ்பீக்கர் சற்று ஊமையாகிவிட்டதாக வீட்டில் சொன்னார்கள். மைக் என் குரலை எடுக்கவில்லை என்றே நான் நம்பினேன். ஸ்பீக்கர் கட்டியவரை நாலு பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்று என் மனைவி குசினியிலிருந்து சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் மகள் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் ஓடவிட்டாள். மௌலவியும் நானும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் சொல்லித் தர, நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"வாப்பா, மௌலவிட வாயும் சத்தமும் சரியாத்தானே ஈக்குது?"

சரியாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் அவர் சொன்னதும் சரி, எனக்குப் பிறகு மாப்பிள்ளை சொன்னதும் சரி. நடுவில் என் உதடு ஒருதரம் அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடி அசைந்தது, அப்போதும் இல்லை. மௌலவி என் தோளில் கையை வைத்தார். அதன்பிறகுதான் குரல் வந்தது. நல்ல மாப்பிள்ளை என்று நானே தேடிப் பிடித்தவர், நானே குறித்த நாள். அப்படியிருந்தும் அவளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

மனைவி கையைத் துடைத்தபடி வாசலில் நின்றாள். நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். கைக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மகள் தன் போனை நீட்டினாள்.

"அந்த இடத்த மட்டும் இதுல போட்டுத் தாங்க வாப்பா," என்றாள். "சத்தம் வராத இடத்த."