அக்காவைக் கேட்டு வந்த அழைப்பு

என் அக்காவைத் தேடி வந்த வாய்ப்பை நான் மறைத்தேன். கேட்டவரிடம், அவளுக்கு விருப்பமில்லை என்றேன். அவளிடம், யாரும் கேட்கவே இல்லை என்றேன். பத்து ஆண்டுகளாக இதை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் இப்போதும் சொல்ல முடிகிறது...

அக்காவின் பெயர் உலகம்மாள். தென்காசியில் எங்கள் வீட்டிலேயே கடைசிவரை இருந்தாள். அவள் திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நாங்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது அக்காவுக்கு நாற்பது வயது.

அம்மா எதையோ கேட்க முயல்வாள். எங்களுக்குப் புரியாது. அழுவாள். ஒரு வாரம் இதைப் பார்த்த அக்கா, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில் படம் வரையத் தொடங்கினாள். தண்ணீர், சோறு, மாத்திரை... அதோடு நிற்கவில்லை. முதுகு அரிக்கிறது என்று ஒரு படம். டி.வி. சத்தத்தைக் குறை என்று ஒன்று. ஓயாமல் பேசும் எங்கள் மாமாவின் மீசையை மட்டும் வரைந்து, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அவர் வந்தால் அம்மா அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கோணிய வாயால் சிரிப்பாள்.

ஒருநாள், அருவியில் நனையும் பெண்ணின் படத்தில் அம்மா விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. அக்கா ஆட்டோ பிடித்து அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். அருவி வரை தூக்கிப்போக முடியாது. துண்டை நனைத்து நனைத்துக் கொண்டுவந்து, ஆட்டோவில் இருந்த அம்மாவின் தலையில் பிழிந்தாளாம்.

"சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு அண்ணாச்சி. ஆனா ஒண்ணும் சொல்லத் தோணலை," என்று பிறகு என்னிடம் சொன்னார் ஆட்டோக்காரர்.

திருநெல்வேலியில் அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா அந்தப் படங்களைப் பார்த்தார். போனில் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொன்னார். அக்காவிடம் அப்போது போன் இல்லை. மருத்துவமனைச் சீட்டில் இருந்தது என் எண்.

குற்றாலத்தில் ஒரு விடுதியில் நான் மேலாளர். சீசன் கூட்டத்துக்கு நடுவே அந்த அழைப்பு வந்தது. வெளியே சாரலில் நின்று பேசினேன். பேச்சு இழந்த மற்றவர்களுக்கும் அக்கா இப்படி வரைந்து தரவேண்டும், அங்கேயே வேலை தருகிறோம் என்றார்.

"அக்காவுக்கு அதுல விருப்பமில்ல மேடம். அம்மாவ விட்டுட்டு வரமாட்டா."

"அம்மாவையும் கூட்டிட்டு வரட்டும். தங்க இடம் நான் பாத்துத் தாரேன்."

அங்கே நான் திரும்பியிருக்கலாம். என் சாக்கை அவர் பிடுங்கிவிட்டார். என் மனைவி வேலைக்குப் போகிறவள். மகளுக்கு நான்கு வயது. அவளுக்குச் சடை பின்னி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்புவது அக்கா. எங்கள் எல்லோருக்கும் சமைப்பது அக்கா. அம்மாவைப் பற்றியா கவலைப்பட்டேன்? இல்லை. என் சௌகரியம் போய்விடும் என்றுதான் பயந்தேன்.

"அதையும் கேட்டுப் பாத்துட்டேன் மேடம். மாட்டேங்கா."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள்.

"ஏலே, டாக்டரம்மா போன் பண்ணுதேன்னாங்க. பண்ணினாங்களா?"

"இல்லக்கா. அவங்களுக்கு எத்தனையோ சோலி."

"அதுவும் சரிதான்..." என்று சொல்லி, தலையைத் துவட்டத் துண்டை நீட்டினாள். வாங்கித் துவட்டிக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு முறை கேட்டாள். பிறகு, ஆசைப்பட்டதற்கே வெட்கப்பட்டவள்போல விட்டுவிட்டாள்.

இரண்டு ஆண்டுகளில் அம்மா போனாள். அதன்பின் அக்கா வரையவில்லை. குற்ற உணர்வு தாங்காமல் ஒரு வண்ணப்பெட்டியும் பெரிய ஓவிய நோட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

"யாருக்குலே வரையணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தாள். நான்கே நாள். மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எல்லாம் தொண்டைவரை வந்தது. "அக்கா..." என்றேன்.

"பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டா."

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள் என்கிறீர்களா? மன்னித்திருப்பாள். அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன பெயர்?

போன மாதம் அக்காவின் பீரோவை ஒழித்தபோது, அம்மாவுக்காக வரைந்த படங்கள் கிடைத்தன. மகளுக்கு இப்போது பதினான்கு வயது. படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை இவ்ளோ நல்லா வரைஞ்சிருக்காங்களேப்பா. யாருமே இவங்களக் கேக்கலையா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "யாரும் கேக்கலை."

நம்பிவிட்டாள்.