செருப்பைக் கழற்றச் சொன்ன வளைவு

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து ஆள் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டுத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். முன்சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் நன்றாக இழுத்து மோந்தேன். ஒரு காலத்தில் என் ஜீப் முழுக்க இந்த வாசனைதான்.

வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் கல்வராயன் மலைக்கு ஓட வந்த சமயம் அது. ரோட்டில் இல்லை, காட்டில். கையில் வரைபடம், கட்டைவிரலில் திசைகாட்டி. காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடி தொங்கும். அதைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் விரலில் மாட்டிய குச்சியைச் செருக வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் அடுத்த கொடிக்கு ஓடலாம். ஓரியன்டீரிங் என்றார்கள், எங்கள் வாயில் அது மேப்பு ஓட்டம். நாடு நாடாக நடந்து, அந்தச் சீசனின் கடைசி ஓட்டம் எங்கள் மலைக்கு வந்திருந்தது.

வரைபடத்தில் எழுத்தே கிடையாது, வெறும் கோடும் நிறமும்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தத் தாள்மேல் தனிப் பிரியம். ஓடுகிறவர்களுக்கு யாரும் வழி சொல்லக் கூடாது என்ற விதியும் பிடித்தது. வாயைத் திறக்கக் கூச்சப்பட்டே பாதி வயதைக் கழித்த எனக்காகப் போட்ட விதி மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். “வழி தெரியாம முழிச்சிக்கினு நிக்குது. சொன்னா இன்னா கொறஞ்சிடும்?”

முடியாமல் நின்றுவிடுகிறவர்களை ஏற்றிவருவது என் வேலை. பயிற்சி ஓட்டங்களில் அடிக்கடி ஏறியவர் ஹன்னா. நரை விழுந்த பெண்மணி. முழங்கால் வீங்கிவிடும், பின்சீட்டில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டே வருவார்.

“இது அவங்களுக்குக் கடைசி வருஷம்” என்றார் போட்டி நடத்த வந்த சார். “இந்தச் சீசன்ல ஒரு ஓட்டங்கூட முடிக்கல. இதையாச்சும் முடிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்னு இருக்காங்க.”

ஆள் ஏறினால்தான் டிரைவருக்குச் சந்தோஷம். ஒருவர் ஏறவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

போட்டியன்று காலை வெள்ளிமலை ரோட்டு வளைவில் ஜீப்பை நிறுத்தினேன். அங்கே ஒரு மரத்தில் முந்தின நாள் கொடி கட்டியிருந்தார்கள். மரத்தடியில் ஒரு கல், அதுவரை வெறும் கல். அன்றைக்குப் பார்த்தால் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் ஆடு ஓட்டும் கோலோடு என் சின்னம்மா.

“இன்னா சின்னம்மா இது?”

“யாரோ வேண்டுதலுக்குப் புதுத்துணி கட்டிட்டுப் போயிருக்கறாங்கடா. கல்லு மொட்டையா இருந்தா நல்லாவா இருக்குது?”

நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் முதல் ஆள் ஷூவோடு பாய்ந்து வந்துவிட்டான். நல்ல உயரம். சின்னம்மா கோலை ஓங்கினார். “ஏய் பனமரம்! செருப்பக் கழட்டுடா!”

பாஷை புரியாவிட்டாலும் கோல் புரிந்தது. கழற்றிவிட்டு வந்து குச்சியைச் செருகினான். கீச்.

சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா, சாமி கொரல் குடுக்குது!”

பின்னால் வந்தவர்களும் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களாகவே கழற்றினார்கள்.

கடைசியாக நொண்டிக்கொண்டே வந்தார் ஹன்னா. ஜீப்பைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நின்றபடியே ஷூவை உதறினார், செருகினார், கீச். திரும்பப் போடத்தான் முடியவில்லை. குனிந்தால் முழங்கால் மடங்கவில்லை. மரத்தில் சாய்ந்து மறுபடி ஜீப்பைப் பார்த்தார். இந்தத் தடவை என்னால் வானத்தைப் பார்க்க முடியவில்லை. கதவில் கை வைத்துவிட்டேன்.

“எங்கடா ஏத்தற? காலுதான மடங்கல, ஓட மாட்டேன்னா சொல்லிச்சி?” என்று சின்னம்மா கீழே உட்கார்ந்தார். ஷூவை மாட்டி, ஆயுசில் ஷூ போடாத அந்த மனுஷி, சுள்ளிக்கட்டைக் கட்டுகிற மாதிரி நாடாவை இழுத்து முடிந்தார். கெண்டைக்காலில் ஒரு தட்டு. “ஓடுடி யம்மா!”

வழி சொல்லக் கூடாது என்றுதான் விதி. முடிச்சுப் போடக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

காலி ஜீப்போடு நான் போய்ச் சேர்ந்தபோது ஹன்னா எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் கடைசி, ஆனால் முடித்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் நாடாவோடு மல்லுக்கட்ட, முடிச்சு அவிழவில்லை. யாரோ கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போதும் என் ஜீப்பில்தான் வந்தார், அவிழாத முடிச்சோடு.

அப்புறம் யாரும் ஓட வரவில்லை. ஜீப் காயலான் கடைக்குப் போனது. சின்னம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோது மரமும் கல்லும் போயின. இப்போது அந்த வளைவில் பஸ் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

இன்றைக்கும் குறைக்கவில்லை. தைலக்காரர் என் காலடியைப் பார்த்துக் கேட்டார். “இன்னாங்க, செருப்பு கடிக்குதா?”

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் செருப்பைவிட்டு வெளியே வந்திருந்தன.

“ஆமாங்க” என்றேன்.