வாழ்க என்று உயரும் கை

கார்த்திகை முதல் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பக்கம் போனேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பது என் வேலை.

அங்கே என்னிடம் பயிற்சி பெறும் முத்தையாவின் வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லை. எவ்வளவு கெஞ்சியும் அவர் முயலவில்லை.

“அவுக கட்சித் தலைவர் பேரைச் சொல்லுங்க சார், ‘வாழ்க’ன்னு தூக்கிருவாக” என்றார் அவர் மனைவி. “நான் சொன்னா, ஓட்டை மாத்திப் போட்டவள்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாக.”

நான் இத்தனை வருடம் எதிர்த்துவரும் தலைவர் அவர்.

“அது மட்டும் என்னால முடியாதும்மா.”

“அப்ப கையும் முடியாது சார்” என்றார் முத்தையா.

எரிச்சலோடு வீடு திரும்பினேன். வீம்பில் நானும் அவரும் ஒன்றுதான். ஆனால் முடங்கிக் கிடப்பது அவர் கை.

மறுநாள் முதல் வேலையாக அவர் கட்டிலருகே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன்.