சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மறைத்து என்ன ஆகப்போகிறது. பம்மலில் என்னிடம் கணக்குப் படித்த யாரைக் கேட்டாலும் முதலில் என் கையைப் பற்றிச் சொல்வார்கள், அப்புறம்தான் கணக்கைப் பற்றி. தப்பாகப் போட்டால் தலையில் ஒரு குட்டு. பேசினால் காதைத் திருகுவேன். வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் உள்ளங்கையில் மர ஸ்கேல். அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது தெரியாமல் இல்லை. பெற்றவர்களே அடிக்கச் சொல்லும்போது சட்டமாவது ஒன்றாவது என்று இருந்துவிட்டேன்.

கொரோனாவுக்காக ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த பள்ளியைப் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் திறக்கச் சொன்னார்கள். ஒரு அறைக்கு இருபது பேர். ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சில் இனி இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. யாரும் இடத்துக்குச் சண்டை போடக் கூடாது என்று வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே உட்கார வைத்தோம். என் பத்தாம் வகுப்பு நாற்பது பேரையும் இரண்டாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னதால், ஒரே கணக்கை இரண்டு தடவை கத்த வேண்டும், அதுவும் மாஸ்க்குக்குள்ளிருந்து. கரும்பலகைக்கு முன்னாலும் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். அது எங்களுக்கு.

"கோட்டைத் தாண்டாதீங்க மிஸ். ஒருத்தருக்கு வந்தாலும் ஸ்கூலையே மூடிடுவாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

பிள்ளைகள் பழைய பிள்ளைகளாகத் திரும்பி வரவில்லை. வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடந்து, அப்பாவின் குடியையும் அம்மாவின் அழுகையையும் முழுநேரமும் பார்த்துவிட்டு வந்தவர்கள். வரிசைப்படி உட்கார வைத்தும், முதல் வாரமே மின்விசிறிக்குக் கீழே இருந்த இடத்துக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் காம்பஸை எடுத்து இன்னொருவன் முழங்கையில் இறக்கிவிட்டான். நான் இருவரையும் ஸ்கேல் இரண்டாக முறியும் வரை அடித்தேன். சத்தம் கேட்டு வந்த தலைமை ஆசிரியர் ரத்தத்தைப் பார்த்தார், முறிந்த ஸ்கேலைப் பார்த்தார். "மிஸ், டிஸ்டன்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் கோபம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்குமா? கை எட்டாததால் எறிய ஆரம்பித்தேன். முதலில் சாக்பீஸ். அது போதவில்லை. அப்புறம் டஸ்டர், பின்பக்கம் மரக்கட்டை வைத்தது. எனக்குக் குறி தப்பாது, அதில் ஒரு பெருமை வேறு. நான் கையை ஓங்கியதும் அந்தப் பக்கம் இருப்பவர்கள் பொத்தென்று குனிவார்கள், டஸ்டர் சுவரில் மோதித் தூசி கிளப்பும், மற்றவர்கள் மாஸ்க்குக்குள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கடைசி பெஞ்சில், சுவரோரக் கோடியில் ஒரு பெண். வாய் திறக்காதவள். அம்மா கையுறை தைக்கும் பட்டறையில் வேலை. அப்பா இல்லை. இந்தப் பெண் நான் திரும்பி எழுதத் தொடங்கினால் போதும், பெருக்கல் குறியெல்லாம் தாண்டி நகர்ந்து பக்கத்துப் பெண்ணின் தோளோடு ஒட்டிக்கொள்வாள். அவள் நோட்டைப் பார்த்து எழுதுவாள். திங்கட்கிழமை சொன்னேன், புதன்கிழமை சொன்னேன். "காப்பி அடிக்கவா ஸ்கூலுக்கு வர்றே?" என்று கேட்டதற்கும் தலையைக் குனிந்துகொண்டாள். திமிர் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தொடுகோடு நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. டஸ்டரை வீசினேன். பக்கத்துப் பெண் குனிந்துவிட்டாள். இவள் குனியவில்லை. என்னை நேராகப் பார்த்தபடியே இருந்தாள். பாருடா கொழுப்பை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கட்டையின் முனை அவள் வலது கண்ணில் இறங்கிவிட்டது.

அவள் கத்தக்கூட இல்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து மாஸ்க் நனைந்தது. ஒருவரும் எழவில்லை. எழக் கூடாது என்று பழக்கி வைத்திருந்தது நான்தானே. நான் கோட்டைத் தாண்டி ஓடினேன்.

ஷேர் ஆட்டோவில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாம்பரம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் துப்பட்டாவைக் கண்ணில் அழுத்திப் பிடித்திருந்தாள். வழியில் அவளாகவே சொன்னாள்: "பெஞ்சு முனையில இட்ச்சிகினேன்னு சொல்லிடறேன் மிஸ். அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பு.

டாக்டரிடம் பெஞ்சு முனை என்றே சொன்னோம். புருவத்தில் நான்கு தையல். கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது, பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, சில நாள் போகட்டும் என்றார். பிறகு அடிபடாத இடது கண்ணால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். முதல் வரியைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"இவ்வளவு பவர் இருக்கே, கண்ணாடி போடாம எப்படி போர்டைப் பார்க்கிறா? எங்க உக்கார வைக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

கடைசி பெஞ்சு என்றேன். அங்கிருந்து பார்த்தால் நீங்களே அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிவீர்கள் என்று அவர் சொன்னார். நெருக்கியடித்து உட்கார்ந்த காலத்தில் எப்படியோ முதல் பெஞ்சில் இடம் பிடித்துச் சமாளித்திருக்கிறாள். நாங்கள் வரிசைப்படி பிரித்துப் பின்னால் தள்ளியபோது கேட்க வாய் வரவில்லை. என் டஸ்டர் வருவதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

அடிபட்டுவிட்டது என்று பள்ளியிலிருந்து போன் போக, அம்மா பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள், புடவையெல்லாம் நூல் பிசிறு. "இன்னா மிஸ் ஆச்சு?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் பெண் முந்திக்கொண்டாள்: "பெஞ்சுல இட்ச்சிகினேன்மா."

அடுத்த நொடி அம்மாவின் கை அவள் முதுகில் விழுந்தது. "ஓரமா குந்துன்னா குந்த மாட்டியாடி? ஒண்ணர வருசம் கஷ்டப்பட்டு உன்ன ஸ்கூலுக்கு அனுப்பினா ஆட்டமா ஆடறே?" இன்னொரு அடி. இன்னொன்று. கண்ணில் கட்டோடு அந்தப் பெண் சுவரோடு ஒடுங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். காவலாளி தூரத்திலிருந்தே, தள்ளி நில்லுங்கம்மா, தள்ளி நில்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் குறுக்கே போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். "அவளை அடிக்காதீங்க. நான்தான் டஸ்டரை எறிஞ்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டாள். மாஸ்க் ஒரு காதில் தொங்கியது. இன்னொன்று விட்டாள். நான் தடுக்கவில்லை.

"கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிக்கோ மிஸ்னு நானே சொல்லிகிறேன்" என்றாள். "எத உடச் சொன்னனோ அதுலயே அட்ச்சிட்டியே."

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்வை வந்துவிட்டது, கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள், தாயும் மகளும் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அவர் என்னையும் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா போலீஸுக்குப் போகப்போவதில்லை என்றாள். என் வேலையைப் பறிக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். கொரோனாவுக்கு எவ்ளோ தூரம் தள்ளி குந்தணும்னு கோடு போட்டு வச்சிகிறீங்க. இந்த மிஸ்ஸுக்கு எம்பொண்ணு எவ்ளோ தூரம் தள்ளி குந்தணும்?"

பக்கத்து செக்ஷனில் போட்டுவிடுங்கள், அங்கே கணக்குக்கு வேறு டீச்சர் என்று நான்தான் சொன்னேன். அவள் பை மூன்று வாரமாக என் அலமாரியில் இருந்தது. எடுத்து வந்து, மன்னிச்சுக்கம்மா என்று சொல்லிக் கொடுக்கக் கிட்டே போனேன். புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த அந்தப் பத்தாம் வகுப்புப் பெண், நான் இரண்டடி வைப்பதற்குள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.