வாயைக் கட்டியதாகச் சொன்ன பொய்

இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில், களுவாஞ்சிக்குடியில் உள்ள எங்கள் கந்தோருக்கு வேலைக்குத் திரும்பினேன். அங்கே எவருக்கும் அதை நான் சொல்லவில்லை.

"எப்படியக்கா இவ்வளவு மெலிஞ்சீங்க?" என்று கேட்டாள் பக்கத்து மேசை சுமதி. அவளும் பருமனானவள்.

"வாயைக் கட்டினாக் குறையும். உனக்குத்தான் அது ஏலாதே" என்றேன் மிதப்பாக.

மதியம் அவள் மண்டூர்க் கோயில் பொங்கலை நீட்டினாள். டொக்டர் சோறு கூடாதென்றிருந்தார். ஆனால் பிரசாதத்தை மறுத்தால் காரணம் கேட்பாள். நான்கு வாய் விழுங்கினேன். எழுவதற்குள் அவள் சேலையிலேயே சத்தி எடுத்துவிட்டேன். சர்க்கரையும் சளியும் புளித்து நாறின.

சுமதி முகம் சுளிக்கவில்லை. முதலில் என் வாயைத் துடைத்தாள், பிறகு தரையைக் கழுவினாள்.

"பொங்கல் பழுதாப் போயிருக்கும்போல. என்ட பிழையக்கா."

"ஓம்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

மறுநாள் மதியம் அவள் வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். "நானும் வாயைக் கட்டிட்டன்" என்று சிரித்தாள். கொண்டுவந்த சோற்றுப் பெட்டியை அவள் திறக்கவேயில்லை.

இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவள் சேலை அன்றே துவைத்ததில் சுத்தமாகிவிட்டது. நாற்றம் என் வாயில்தான் இன்னும் இருக்கிறது.